யார் கைப் பழுது?

எங்கள் கம்பெனியில் அக்காவைப் பூதக்கண்ணாடி என்றுதான் சொல்வோம். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் பூதக்கண்ணாடி. அது அவளுக்கும் தெரியும். கோபப்பட மாட்டாள். அந்தக் கோபத்தையும் சேர்த்து வைத்து எங்கள் சட்டையில் காட்டிவிடுவாள்.

தைத்து முடிந்த சட்டை கடைசியாக வந்து சேரும் மேஜை அவளுடையது. ஒரு சட்டையைக் கையில் எடுத்தால் காலரில் தொடங்கி, தோள், கை, பட்டன் பட்டி, கீழ் மடிப்பு என்று ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி காலரில் வந்து நிற்பாள். எண்ணி நாற்பது நொடி. அதற்குள் ஒரு தையல் தாவியிருந்தாலும், பொட்டு எண்ணெய் பட்டிருந்தாலும், சிவப்பு அம்பு போட்ட ஸ்டிக்கரைப் பிரித்து அந்த இடத்தில் ஒட்டிவிடுவாள். மற்ற மேஜைக்காரிகள் அதோடு சட்டையைக் கூடையில் வீசிவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். அக்காவுக்கு அது போதாது. அது யார் கை என்று தெரிய வேண்டும்.

சட்டையின் உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்ப்பாள். ரிஜிஸ்டரைப் புரட்டி, அந்தக் கட்டுக்குக் கை வைத்தவள் யார், காலர் வைத்தவள் யார் என்று விரலால் தேடிப் பிடிப்பாள். பிறகு எழுந்து, மெஷின் வரிசையைக் கடந்து நடந்து வந்து, உரியவள் மடியில் சட்டையைப் போட்டு, "இது உன் கைதானே?" என்பாள். ஆமாம் என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்தச் சட்டை பிரித்துத் தைக்கப் போகும். கையெழுத்து விழாத சட்டை மேஜைக்கு அடியிலேயே கிடக்கும். ஒருத்தி பிரசவத்துக்குப் போய்விட்டாள் என்று ஒரு சட்டையை நாலு மாதம் கீழே வைத்திருந்து, அவள் திரும்பி வந்த அன்றைக்கு, குழந்தை நலமா என்றுகூடக் கேட்காமல் ரிஜிஸ்டரை நீட்டியவள். இது கம்பெனிச் சட்டம் இல்லை, அவள் சட்டம். சூப்பர்வைசர் இரண்டு தடவை கத்திப் பார்த்தார். அவள் மேஜையைத் தாண்டிப் போன பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்பதால் வாயை மூடிக்கொண்டார்.

நான் காலர் வைப்பவள். காலர்தான் சட்டையிலேயே கஷ்டமான வேலை. இரண்டு முனையும் ஒரே நீளம், ஒரே சாய்வில் உட்கார வேண்டும். ஆகவே அக்காவின் கால் அதிகமாக நடந்தது என் மெஷினுக்குத்தான். முதல் இரண்டு வருடம் நான் அவளைச் சபிக்காத நாள் இல்லை. ஒருநாள் என் அளவு அட்டை மாறிப்போய், ஒரு கட்டு முழுக்கக் காலர் குட்டையாகத் தைத்துவிட்டேன். நாலாவது சட்டையிலேயே ஓடி வந்து என் மெஷினை நிறுத்தினாள். சூப்பர்வைசரிடம் போவாள் என்று பார்த்தால், என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சாப்பாட்டு நேரம் முழுக்க என்னோடு சேர்ந்து தையல் பிரித்தாள். கையெழுத்து மட்டும் விடாமல் வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். அப்புறமும் அவளைத் திட்டுவேன், ஆனால் வேறு யாராவது திட்டினால் சண்டைக்குப் போய்விடுவேன்.

அவள் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், பேக்கரியில் ரொட்டி சுடுபவர். விடியும் முன் போய் மதியம் திரும்புவார். கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. ஒரே மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அந்தப் பெண் சின்னவளாக இருந்தபோது அவர் ஆறு வருடம் தூரத்து ஊர் ஒன்றில் பெரிய பேக்கரியில் வேலை பார்த்தார். வருடத்துக்கு மூன்று தடவை வந்து போவார். அந்த ஆறு வருடத்தையும் அக்கா தனியாகத் தள்ளினாள். அதைப் பற்றி அவள் குறைபட்டு நான் கேட்டதில்லை, இந்த விஷயம் வரும் வரை.

ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் வந்தார். கம்பெனியின் சிக் ரூமில் திரை கட்டி, முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனை, இலவசம், ஐந்து நிமிடம் போதும் என்றார்கள். எங்கள் லைனில் எல்லோருக்கும் திடீரென்று வேலை மேல் பக்தி வந்துவிட்டது. தண்ணீர் குடிக்கக்கூட ஒருத்தி எழவில்லை. எனக்கு என்ன கேடு, நன்றாக இருப்பதை ஏன் துருவிப் பார்க்க வேண்டும் என்று நானும் குனிந்த தலை நிமிராமல் தைத்தேன். அக்கா வரிசையை ஒரு பார்வை பார்த்தாள். பார்க்காமலே பாஸ் போடுவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டுவிட்டு முதல் ஆளாகத் திரைக்குள் போனாள். திரும்பி வந்து, வலிக்கவில்லை, சும்மா ஒரு சின்ன பிரஷ்ஷால் தொட்டு எடுக்கிறார்கள் என்று சொல்லி, என் கையைப் பிடித்து எழுப்பி உள்ளே தள்ளினாள். பிறகு கூச்சம் விட்டு இருபது பேர் போனோம்.

மூன்று வாரம் கழித்து நர்ஸ் ஒட்டிய உறைகளோடு வந்தார். என் உறையில், எல்லாம் சரி, சில வருடம் கழித்து மறுபடி வரவும் என்று இருந்தது. அக்காவின் உறையில் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி இருந்தது. அவள் அதை மடித்து ரிஜிஸ்டருக்குள் வைத்துக்கொண்டாள். என்ன என்று கேட்டேன். ஏதோ தேதி போட்டிருக்கிறார்கள் என்று மென்று முழுங்கினாள். நானும் விட்டுவிட்டேன்.

அதன் பிறகு இரண்டு வாரம் கழித்து ஒரு சம்பவம் நடந்தது. சம்பவம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. நூல் அறுந்து அறுந்து உயிரை வாங்கிய ஒரு மத்தியானம், ஒரு காலரைக் கோணலாக வைத்துவிட்டேன். கோணல் என்று எனக்கே தெரியும். எப்படியும் மடியில் வந்து விழத்தான் போகிறது, அப்போது பிரித்துக்கொள்ளலாம் என்று சோம்பேறித்தனமாக அனுப்பிவிட்டேன். பேனாவைக்கூட எடுத்து வைத்துக்கொண்டேன். சட்டை வரவில்லை. மணி அடிக்கும் வரை காத்திருந்தும் வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தால், பாஸ் ஆன சட்டைகளோடு மடித்து வைத்திருக்கிறது.

கேன்டீனுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் அருகே அவளைப் பிடித்து நிறுத்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்றாள். பிறகு எல்லாவற்றையும் கொட்டினாள்.

ஆஸ்பத்திரிக்கு அவள் தனியாகத்தான் போயிருக்கிறாள். வெளியே பெரிய வரிசை, உள்ளே அவசரமாகப் பேசும் ஒரு டாக்டரம்மா. பரிசோதித்ததில் கருப்பை வாயில் செல்கள் கொஞ்சம் மாறியிருக்கின்றன, அதே இடத்தில் ஹெச்.பி.வி. என்ற வைரஸும் இருக்கிறது என்றாராம். புற்றுநோய் இல்லை, ஆனால் இந்த வகை வைரஸ் போகாமல் தங்கிவிட்டால், பல வருடத்தில் அப்படி ஆகக்கூடும், ஆகவே ஒரு கருவி வைத்து அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும், தேவையானால் துளி சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று தேதி கொடுத்தாராம். வேறு சமயமாக இருந்தால், பூதக்கண்ணாடியையே பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கப் போகிறார்களா என்று நான் சிரித்திருப்பேன். அக்கா அந்த டாக்டரம்மாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறாள். இது எப்படி வரும்? உடலுறவால் வரும் என்று அவர் சொன்னார். அதற்கு மேலும் நிறையச் சொன்னாராம். ஒன்றும் இவள் காதில் ஏறவில்லை. எழுந்து வந்துவிட்டாள்.

இருபத்திரண்டு வருடமாகக் கட்டியவர் ஒருவரோடுதான் இருக்கிறாள். பழுது இருக்கிறது, அதைச் செய்த கை இருந்தே ஆக வேண்டும். ஆறு வருடம் தூரத்து ஊரில் இருந்த கை. அவள் கணக்கு அப்படிப் போயிற்று, எனக்கும் அந்த நிமிடம் அது சரி என்றுதான் பட்டது.

"எப்போக்கா மறுபடி போகணும்?" என்று கேட்டேன்.

"நேத்துப் போகணும்" என்றாள். "போகலை. இது யாரால வந்துச்சுன்னு முதல்ல தெரியட்டும். அவர் வாயால ஒத்துக்கட்டும். அப்புறம் போறேன்."

கேட்டவுடன் எனக்கு மேஜைக்கு அடியில் நாலு மாதம் கிடந்த சட்டைதான் நினைவுக்கு வந்தது. அந்தக் கிறுக்குத்தனம் சட்டைக்குப் பரவாயில்லை. உடம்புக்குச் செய்வார்களா? கரடியாகக் கத்தினேன். முதலில் உடம்பைக் காட்டு, பிறகு புருஷனைக் குடை என்றேன். என்னைப் பார்க்காமல் குழாயைத் திருகி முகம் கழுவினாள். வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்று மட்டும் சத்தியம் வாங்கினாள்.

அடுத்த இரண்டு வாரம் அந்த வீட்டில் நடந்தது விசாரணைக் கமிஷன்தான். தினம் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு அறிக்கை வரும். அந்த ஊரில் ஒரு அறையில் எத்தனை பேர் தங்கினீர்கள், பேக்கரியில் பெண்கள் வேலை செய்தார்களா, வார விடுமுறைக்கு எங்கே போவீர்கள் என்று சோறு போடும்போதெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறாள். நாலு பேர், இரண்டு பெண்கள், துணி துவைப்பேன் என்று பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி அவர் பதில் சொல்லியிருக்கிறார். கூடத் தங்கிய ஒருவரின் நம்பரைத் தேடிப் பிடித்து, மகள் படிப்பு விஷயம் என்று ஏதோ சாக்குச் சொல்லி அந்த மனிதரையும் துருவியிருக்கிறாள். அவர் இருமிக்கொண்டே, உங்கள் வீட்டுக்காரர் நன்றாகக் குறட்டை விடுவார் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பொறுக்க முடியாமல் ஆஸ்பத்திரிக் காகிதத்தை அவர் முன்னால் போட்டு, யார் அவள் என்று நேராகவே கேட்டுவிட்டாள். அவர் காகிதத்தைக் கையில் எடுத்து மெதுவாகப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். மறுநாள் அக்கா என்னிடம் அப்படியே சொல்லிக் காட்டினாள்.

"இதுல போட்டிருக்கற தேதி போய் ரெண்டு வாரம் ஆச்சே. நீ போகலையா?" என்றாராம்.

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"என்ன வேணா நினைச்சுக்கோ. ஆஸ்பத்திரிக்கு மட்டும் போ."

அவ்வளவுதான். எழுந்து மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். இல்லை என்று சொல்லவில்லை பார்த்தாயா, குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள் என்றாள் அக்கா. அவள் கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது. அன்றைக்கு அவள் பாஸ் போட்ட சட்டையில் பட்டனே இல்லாதது ஒன்று இருந்தது. நான் யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டு போய்ப் பட்டன் வைத்து வந்தேன். பூதக்கண்ணாடிக்கு நான் செக்கராக இருந்த காலம் அது.

அந்த வாரமே நர்ஸ் மறுபடி கம்பெனிக்கு வந்தார். கூப்பிட்டும் வராதவர்களின் பட்டியல் அவர் கையில் இருந்தது. அதில் ஒரே பெயர். சிக் ரூமுக்கு அக்காவை அழைத்தபோது நானும் கூடவே நுழைந்துவிட்டேன். ஏன் வரவில்லை என்று கேட்டார். நான் சத்தியத்தைக் காற்றில் விட்டு, யாரிடமிருந்து வந்தது என்று தெரியாமல் வர மாட்டாளாம் என்று போட்டு உடைத்தேன். நர்ஸ் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. நாற்காலியை இழுத்து அக்காவுக்கு நேரே போட்டுக்கொண்டார்.

"அதைக் கண்டுபிடிக்க முடியாதும்மா. யார்கிட்டேருந்து, எப்போன்னு சொல்ற டெஸ்ட் எதுவும் கிடையாது. கல்யாணம் ஆனவங்கள்ல பாதிக்கு மேல இது எப்பவாவது ஒரு தடவை வந்துட்டுப் போயிருக்கும். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சில பேருக்குத்தான் போகாம தங்கிடும். வருஷக்கணக்கா சத்தமில்லாம கிடக்கும். இருபது, இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வந்ததாக்கூட இருக்கலாம். ரெண்டு பேருல யார் கொண்டு வந்தாங்கன்னு நாங்களும் கேக்கறதில்ல, நீங்களும் கேக்காதீங்க. இது நடத்தைச் சர்டிபிகேட் இல்லம்மா, கிருமி. இப்போ பார்த்தா அந்த இடத்தை மட்டும் எடுத்துடலாம். விட்டுட்டா அப்புறம் எங்க கையில இல்ல."

எனக்கு நெஞ்சில் இருந்த கல்லை இறக்கி வைத்தமாதிரி இருந்தது. அவ்வளவுதானே, அண்ணன் மேல் தப்பில்லை, நாளைக்கே ஆஸ்பத்திரி என்று அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. நர்ஸ் கொடுத்த புதுத் தேதியை வாங்கிக்கொண்டு வெளியே போனாள். அடுத்த வியாழக்கிழமை, காலை பத்து மணி.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், நூல்கண்டு வைக்கும் அறைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"எனக்கும் ஒருத்தன் இருந்தான்டி" என்றாள்.

கல்யாணத்துக்கு மூன்று வருடம் முன்பு, அவள் முதலில் வேலை பார்த்த கம்பெனியில் துணி வெட்டும் மாஸ்டர். கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னவன். எட்டு மாதம் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டு, வேறு ஊரில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. இத்தனை வருடமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி மறைத்து வைத்திருந்ததில் அவளே பாதி மறந்துவிட்டாளாம். இருபத்தைந்து வருடம் என்று நர்ஸ் சொன்னதும் அவன் முகம்தான் முன்னால் வந்து நின்றது என்றாள். அந்த மனுஷனை இரண்டு வாரமாகக் கூண்டில் நிறுத்தினேனே, அது என் கையாகவே இருந்தால் என்று கேட்டு, நூல்கண்டுப் பெட்டி மேல் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

சரி, இனி போவாய்தானே என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதிலில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது.

"எதுக்குப் போகணும்? செஞ்சவ நானு. நானே அனுபவிச்சுட்டுப் போறேன்."

இதுவரை ஆள் கிடைக்கவில்லை என்று போகவில்லை. இப்போது ஆள் கிடைத்துவிட்டது என்று போக மாட்டாளாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவளை அக்கா என்று கூப்பிடும் வாயாலேயே மடச்சி என்றேன். இருபத்தோரு வயதுப் பெண் ஒருத்தனை நம்பியது ஒரு குற்றமா, அதற்கு நாற்பத்தாறு வயதில் சாவுதான் தண்டனையா, உன் மகள் அப்படி ஒருத்தனை நம்பி ஏமாந்து வந்தால் அவளையும் வைத்தியம் பார்க்காதே என்பாயா என்று கேட்டேன்.

"நான் எத்தனை காலர் கோணலா வெச்சிருக்கேன்? ஒண்ணையாவது, இவதானே கெடுத்தா, அப்படியே கிடந்து நாசமாப் போகட்டும்னு விட்டிருக்கியாக்கா? பக்கத்துல உக்காந்து பிரிச்சுத்தானே குடுத்த?"

மூக்கைச் சிந்திக்கொண்டு, சட்டையும் உடம்பும் ஒன்றா என்றாள். வியாழக்கிழமை போவேன் என்று சொல்லவில்லை. எனக்கு அவளைத் தெரியும். தானாகப் போக மாட்டாள்.

அன்று மாலை நான் செய்தது துரோகம்தான், ஒத்துக்கொள்கிறேன். நேராக அந்தப் பேக்கரிக்குப் போனேன். மதியமே வீட்டுக்குப் போக வேண்டிய மனிதர் இன்னும் அங்கேயே, பின்கட்டில், காலியான தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் வேலையைத் தேடிச் செய்கிறார் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அக்கா சொன்ன ரகசியத்தை நான் சொல்லவில்லை. அதைச் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வியாழக்கிழமை ஆஸ்பத்திரி, அவள் போக மாட்டாள் போலிருக்கிறது, இதை விட்டால் ஆபத்து என்று மட்டும் சொன்னேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

வியாழக்கிழமை காலை அக்கா எனக்குப் போன் செய்தாள். அவர் வேலைக்குப் போகவில்லை, என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார், ஒன்றும் பேச மாட்டேன் என்கிறார், எனக்கு அவரோடு தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, நீயும் வா என்றாள். நான் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். பஸ்ஸில் அவர் முன்னால் நின்றார், நாங்கள் பின்னால் உட்கார்ந்தோம். ஒரு பெண்ணின் கைப்பையைத் தோளில் மாட்டிய ஆண்பிள்ளையைப் பார்த்து ஒரு பையன் சிரித்தான். அவர் கவனிக்கவே இல்லை.

ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் நீளமான இரும்பு பெஞ்சு. அக்கா நடுவில், இரண்டு பக்கமும் நாங்கள். எதிர்ச் சுவரில் எண் காட்டும் பலகை. எங்களுக்கு முன்னால் ஆறு பேர் இருந்தார்கள். அது மூன்றாகக் குறைந்தபோது, அக்கா தரையைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தாள். நான் எழப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இது என்னாலகூட வந்திருக்கலாமாம். நர்ஸ் சொன்னாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி..." அதற்கு மேல் வரவில்லை. மறுபடி தொடங்கினாள். "கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு ஒருத்தரோட..."

"தெரியும்" என்றார் அவர்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நானும்தான்.

"என்ன தெரியும்?"

"கட்டிங் மாஸ்டர். உங்க பழைய கம்பெனியில இருந்து ஒரு ஆள் எங்க வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனான். நம்ம கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது."

"அப்புறமும் எதுக்குக் கட்டிக்கிட்டீங்க?"

அவர் யோசித்தார். இதற்கெல்லாம் ஒரு கேள்வியா என்பது போல இருந்தது அவர் முகம். "உன்னைப் பிடிச்சிருந்தது" என்றார்.

நான் அழுமூஞ்சி இல்லை. ஆனால் அந்த இடத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு வாரம் இவரை அவள் குடைந்து எடுத்தாளே. யார் அவள், யார் அவள் என்று காகிதத்தை முகத்தில் எறியாத குறையாகக் கேட்டாளே. திருப்பி அடிக்க இவ்வளவு பெரிய கல்லைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்திருக்கிறார் மனுஷன். அக்காவுக்கும் அதே நினைவுதான் வந்திருக்க வேண்டும்.

"அன்னிக்கே இதைச் சொல்லி என் வாயை அடைச்சிருக்கலாமே" என்றாள்.

"சொல்லியிருந்தா வாயை மூடியிருப்ப. ஆஸ்பத்திரிக்கு வந்திருக்க மாட்ட."

பலகையில் அவள் எண் வந்தது. உள்ளேயிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார். அக்கா எழுந்தாள். அவர் கையை நீட்டவில்லை. அவளே அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு உள்ளே போனாள். நாங்கள் இருவரும் அரை மணி நேரம் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

உள்ளே, வினிகர் மாதிரி வாடை வரும் மருந்தைத் தடவிப் பெரிதாக்கிப் பார்த்தார்களாம். கெட்டுப்போன இடம் வெள்ளையாகத் தெரியுமாம். துளி சதை எடுத்துச் சோதிக்க அனுப்பினார்கள். முடிவு வரப் பதினைந்து நாள். அந்தப் பதினைந்து நாளில் அக்கா என் மடியில் ஒரு சட்டையும் போடவில்லை, நானும் ஒரு காலரையும் கோணலாக வைக்கவில்லை. பயத்தில் அவ்வளவு ஒழுங்காகத் தைத்தேன். முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய படிகளில் கடைசிப் படியில் நின்றிருக்கிறது. இன்னும் சில வருடம் தெரியாமல் இருந்திருந்தால் கதை வேறு என்று டாக்டரம்மா இந்த முறை உட்கார்ந்து ஆற அமரச் சொன்னாராம். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, மின்கம்பி வளையத்தால் அந்தத் துண்டைச் சீவி எடுத்தார்கள். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு மாதம் கனமான எதையும் தூக்கக் கூடாது என்றார்கள். வீட்டில் தண்ணீர்க் குடத்தை அவர் தூக்கினார், கம்பெனியில் சட்டைக் கட்டை நான் தூக்கினேன். மகளையும் வரவழைத்து, இந்த வைரஸ் வராமல் இருக்கத் தடுப்பூசி போட வைத்தாள். எதற்கு என்று மகள் கேட்டபோது, அக்கா ஒன்றையும் மறைக்காமல் தனக்கு என்ன நடந்தது என்று சொன்னாளாம். மாஸ்டர் கதையையும் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

ஆறு மாதம் கழித்து மறுபடி பரிசோதனை. செல்கள் சரியாக இருக்கின்றன, வைரஸும் இல்லை, இருந்தாலும் வருடா வருடம் வர வேண்டும் என்றார்கள். அந்தக் காகிதத்தை அக்கா சாப்பாட்டு நேரத்தில் எனக்குக் காட்டினாள். நான் வரிக்கு வரி படித்தேன். பிறகு ரொம்ப நாளாக என் நாக்கு நுனியில் நின்றதைக் கேட்டே விட்டேன். என் வாய்க்குப் பூட்டு இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

"ஏன்க்கா, அந்த ஆறு வருஷம். இல்லைன்னு அண்ணன் சொல்லவே இல்லையே. அப்புறம் நீ கேக்கவே இல்லையா?"

"கேக்கலை" என்றாள்.

"உன்னால எப்படிக்கா கேக்காம இருக்க முடியுது?"

அக்கா காகிதத்தை என்னிடமிருந்து வாங்கி, மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"இருபத்திரண்டு வருஷமா அவர் என்கிட்ட கேக்கலையே" என்றாள்.